முந்நூற்றைம்பது கிராம்

கறுப்பு விரிப்பில் கொட்டிப் பரப்பினால்
பச்சைக் கொட்டை நீலமாகத் தெரியும்,
காலை பத்து மணிவரை.
அதற்குப் பிறகு ஜெலுத்தோங் வெயில் தகரக் கூரையில் ஏறி
எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிடும்.
பத்துக்குள் எண்ணி முடிக்க வேண்டும்.
புழு துளைத்தது ஒரு பக்கம்,
உடைந்தது ஒரு பக்கம்.
சுள்ளி, ஆணி, கல், எதுவானாலும்
அந்நியப் பொருள் என்று ஒரே கட்டம்.
அந்தக் கட்டத்தில் ஒன்று விழுந்தால் போதும்,
சரக்கு மொத்தமும் ஒரு படி இறங்கும்,
விலையோடு.

இன்றைய கோப்பி புருண்டியிலிருந்து.
மாதிரிப் பையில் ஒரே ஒரு ஊர்ப்பெயர்.
ஒற்றை மண் என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறார் சின் ஹோக்.
மின்னஞ்சலில் வந்த பட்டியலை
நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன்:
அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்,
ஒவ்வொன்றுக்கும் எதிரே மரக்கணக்கு.
நியோன்கூரு, நூற்றெண்பது மரம்.
கொன்சொலாத்தா நஹிமானா, முப்பத்தொன்று.
முப்பத்தொரு மரத்துப் பழம்
எத்தனை கூடை வரும்?
எல்லாக் கூடையும் ஒரே தொட்டியில் கவிழ்ந்த பிறகு
இதில் எந்த மண் அந்த ஒற்றை?

எட்டு ஐம்பதுக்கு விரலில் தட்டியது
ஒரு சோளம்.
வெள்ளை, பல் மாதிரி, முனையில் மட்டும் மஞ்சள்.
உமி நீக்கும் எந்திரம் தாண்டி, சல்லடை தாண்டி,
நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்து பொறுக்கும் பெண்களின்
எத்தனை கைகளைத் தாண்டியதோ.
பட்டியலில் அந்தக் கைகள் இல்லை.
மரம் இருந்தால்தான் பெயர்.
மத்தியானத்துக்கு மடியில் முடிந்து வந்ததா,
கண் அலுத்துப் போனதா,
பக்கத்தில் யாரோ சொன்னதற்குச் சிரிக்கத் திரும்பிய
அரை நொடியா?
கேட்க எனக்கு அவள் மொழி தெரியாது.
அந்த அரை நொடி தெரியும்.
போன மாதம் என் கையிலிருந்து
புளித்த கொட்டை ஒன்று தப்பிப் போய்
ஈப்போக்காரர் மூன்று பெட்டியைத் திருப்பி அனுப்பினார்.

எதிர் மேசையில் இஸ்ஸாத்தி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
சோளத்தைச் சட்டைப்பையில் போட்டேன்.
கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன்.
என் பூஜ்யம் எப்போதும் கொஞ்சம் சாயும்.
இன்று நேராக நின்றது.

பதினொன்றுக்குக் கிண்ணங்கள்.
சின் ஹோக் சத்தமாக உறிஞ்சிவிட்டு
ஆப்ரிகாட் என்றார்.
நான் ஆப்ரிகாட்டை டின்னின் படத்தில் பார்த்ததோடு சரி.
கொன்சொலாத்தா அதுவும் பார்த்திருக்கமாட்டாள்.
எனக்கு நாக்கின் ஓரத்தில் ஆசாம்பொய்,
ஆற ஆற, ஜாதிக்காய்த் தண்ணீர்.
அப்படியே எழுதினேன்.
அவர் சிரித்துக்கொண்டே அடித்தார்,
பொட்டலத்தில் அது விலை போகாதாம்.
எண்பத்தாறரை.
தேறிவிட்டது.

மாலை ஃபெரியில், மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே,
பட்டர்வொர்த்தின் பாரந்தூக்கிகள் பெரிதாகி வரும்போது
பைக்குள் விரலை விட்டேன். இருந்தது.
ஆறு வாரத்தில் அதே துறையில்
நாற்பது மூட்டை இறங்கும்.
அதில் கல் கிடந்தால் எழுதுவேன்.
கல்லை யாரும் பசிக்கு முடிந்து வருவதில்லை.

சோளத்தைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தேன்.
பிளக்கவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் எதிரே நின்ற ஒருவர்
தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி
பல்வலியா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.
ஆமாம் என்று தலையாட்டினேன்.