எட்டரை மணிக் குறிப்பு

மூக்கு வழியாக நூல்போல ஒரு குழாய்.
தலையை நான் பிடித்தேன், கைகளைத் தாதி றிஸ்லா.
"முழுங்கு வாப்பா, முழுங்கு" என்றா.
ஏழு மாதப் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது.
ஆனாலும் விழுங்கினான்,
அழுகையோடு சேர்த்து.

எக்ஸ்ரேயில் காட்டினார்கள்:
சின்ன விலாக்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு
இரைப்பை வாசலுக்குச் சற்று மேலே நின்றது,
உப்புத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறதென்று பார்க்க
முகத்துவாரத்தில் நட்ட அளவுகோல் போல.

பிறகு ஒரு பெட்டி. மூன்று பொத்தான்.
பால். படுக்கை. அழுகை.
"இருவத்திநாலு மணித்தியாலம்.
அமத்தவும் வேணும், கொப்பியில எழுதவும் வேணும்.
மறந்திராதீங்க."

மறப்பேனா?
எனக்குச் சம்பளமே இதற்குத்தான்.
மட்டக்களப்பு வானிலை நிலையத்தில்
மூன்று மணிக்கொருதரம் வானத்தை எழுதுகிறவள்.
ஐந்தரை, எட்டரை, பதினொன்றரை.
தர்ஷிகன் பிறந்த புதிதில்
பாலுக்கு அழுததும் அதே மணிகளில்.
புவிதரனும் நானும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
அப்புறம் பால் திரும்பி வரத் தொடங்கியது.

நாவூறு என்றார்கள்.
தாய்ப்பால் சூடு என்றார்கள். ஓமத் தண்ணி தந்தார்கள்.
கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு
ஏறாமல் படுத்துவிட்டது.

டொக்டர் சொன்னார்:
எல்லாப் பிள்ளைகளும் கக்கும்.
கக்குவது வேறு, எரிவது வேறு.
எரிகிறதா என்று இவனைக் கேட்க முடியாது,
குழாயைக் கேட்போம்.
ஏழென்றால் தண்ணீர் மாதிரி.
நாலுக்குக் கீழே போனால் புளிப்பு மேலே வந்துவிட்டது.
எண் இறங்க இறங்க எரிவு கூடும், விளங்குதா?

விளங்குது.
காற்றழுத்தமும் அப்படித்தான்,
ஊசி இறங்கும், கடல் ஏறும்.
எழுபத்தெட்டு என்று யாராவது சொன்னால்
இன்னும் கூரையை நிமிர்ந்து பார்க்கிற ஊர் இது.

இரவு.
குழாயை இழுத்துவிடாதிருக்க
அவன் கைகளுக்குக் காலுறை.
பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஆவி பிடித்தார்கள்.
இரண்டரைக்கு வீறிட்டான்.
முதுகு வில்லாக வளைந்தது, முகம் கறுத்தது.
பொத்தானை அமத்திவிட்டுப் பயந்து பயந்து
எண்ணைப் பார்த்தேன்.
ஆறு தசம் ஒன்று.
ஒன்றுமில்லை. தெளிந்த வானம்.
ஈரத் துணியை மாற்றினேன், அடங்கினான்.

மூன்று பத்துக்கு விழித்தபடி கிடந்தான்.
காலுறைக் கையால் என் விரலைத் தட்டித் தட்டி
மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தான்.
பெட்டியில் இரண்டு தசம் எட்டு.
ஆறு நிமிடம்.
தேடினேன்,
சிரிப்புக்குப் பொத்தான் இல்லை.

அப்போ எத்தனை இரவு
நல்லாத் தூங்குகிறான் என்று விளக்கை அணைத்திருப்பேன்?
எத்தனை தரம் வெறும் ஈரத் துணிக்கு
மருந்து பருக்கியிருப்பேன்?
முகத்தைப் பார்த்து நான் எழுதிய ஏழு மாத அறிக்கையில்
எந்த நாள் சரி, எந்த நாள் பிழை?
கொப்பியின் ஓரத்தில் எழுதினேன்:
மூன்று பத்து, சிரித்தான்.
காலையில் றிஸ்லா வாசித்துவிட்டு,
"இது என்னத்துக்கு?" என்றா.
"கிடக்கட்டும்" என்றேன்.

எட்டரைக்குக் குழாய் வந்தது,
ஒரு தும்மலோடு.
கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிய சதுரம் சிவந்திருந்தது.
முடிவு வியாழக்கிழமை.

மழைமானியின் அடி நனைந்திருக்கும், அளக்க எதுவுமிராது.
அந்த நாளுக்குப் பூச்சியம் போடக்கூடாது எங்களுக்கு.
அதற்கென்று தனிக் குறி உண்டு:
விழுந்தது, அளவில்லை.

கல்லடிப் பாலத்தில் ஓட்டோ ஏறும்போது
தோளில் இளஞ்சூடாக நனைந்தது.
பெட்டியும் கொப்பியும் வாட்டில்.
உடனே துடைக்கவில்லை.
பழக்கத்தில் மணியைப் பார்த்தேன்.
ஒன்பது நாற்பத்தொன்று.