மஞ்சள் விழுந்த இடம்

பாகம் பிரித்த வருடம்
கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி கொழுந்தனுக்கு.
சங்கிலி பிடித்து நடுவில் கல் நட்டார் சர்வேயர்.
கல் நட்ட குழியின் ஈரம் காயுமுன்
என் பூண்டு மஞ்சளாயிற்று.

எல்லாம் இல்லை, ஒரு பட்டை.
மாட்டுக் கயிற்றை வீசிப் போட்டது போல
வளைந்து, ஆறு முழ அகலத்தில்
தாள் நுனி கருகி.
பிடுங்கினால் கோலிக்குண்டு.
அதை ஒட்டியே இன்னொரு பட்டை
கரும்பச்சையாய், திமிராய்.

குறிஞ்சியப்பன்தான் என்றேன்.
ராத்திரியில் உப்புத் தூவினான் என்றேன்.
கவுஞ்சியில் நான் சொல்லாத டீக்கடை இல்லை.
பூம்பாறை வேலப்பர் முன்னால் சூடம் அணைக்கக் கூப்பிட்டேன்.
வரவில்லை. வராததே சாட்சி என்றேன்.
பதினோரு வருடம்
என் வரப்பில் அவன் நாய்கூட நடக்கவில்லை.

நன்றாய்ப் பெய்த வருடங்களில் மஞ்சள் வராது.
அவனுக்கு மனசு இளகிவிட்டது என்று
அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் ஐப்பசியும் ஏமாற்றியது.
தையில் பனி மட்டும் விழுந்தது.
காட்டுமாடு மேய்ந்த சேதத்தைக் கணக்கெடுக்க
வத்தலக்குண்டிலிருந்து தவ்ஃபீக் வந்தான்,
ட்ரோனை ஒரு ட்ரங்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு.
அது குளவிபோல் இரைந்து ஏறியது.
இறங்கிய பிறகு அவன் சேதத்தைப் பார்க்கவில்லை.
"அக்கா, இது என்ன?"

கைப்பேசிக்குள் என் நிலம்.
என் பட்டை.
அது கல்லோடு நிற்கவில்லை.
கொழுந்தன் பூண்டுக்குள் போய்,
அவன் முட்டைக்கோசுக்குள் போய்,
மேட்டுச் சீகைக்காட்டில் மறைந்து,
மறுபடி என் கேரட்டில் எட்டிப் பார்த்து
புறப்பட்ட இடத்திலேயே வந்து முட்டியது.
கூடவே சுற்றியது அந்தப் பச்சை.
ஓரிடத்தில் மட்டும்
ஒரு வண்டி நுழையும் அளவு இடைவெளி.

மதுரையில் தனக்குப் பாடம் எடுத்தவருக்கு அனுப்பினான்.
சாயங்காலம் பதில் வந்தது.
மஞ்சளுக்கு அடியில் மதில், கல் வேரை இறங்கவிடாது.
பச்சைக்கு அடியில் அகழி, தூர்ந்த மண்ணில் ஈரம் தங்கும்.
கோட்டைதான்.
யாருடையது என்று தோண்டினால்தான் தெரியும்.
தோண்ட வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.
பூண்டு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.

கோட்டை என்றதும்
எனக்கு ராஜா ஞாபகம் வரவில்லை,
யூரியா வந்தது.
அவனுக்கும் மஞ்சள் விழுந்திருக்கிறது.
மூட்டை மூட்டையாய் வாங்கிக் கொட்டி
மறைக்கப் பார்த்திருக்கிறான்.
நான் உப்பு வைத்தேன் என்று
வடுகபட்டிச் சந்தை முழுக்கச் சொல்லியிருக்கிறான்,
அது பிறகுதான் தெரிந்தது.

எல்லைக்கல்லுக்கு அவனைக் கூப்பிட்டேன்.
பதினோரு வருடத்தில் முதல் வார்த்தை
"இங்க வா."
வெயிலுக்கு முந்தானையால் மறைத்துப் பிடித்தேன்.
இரண்டு தலையும் ஒரே திரைமேல் குனிந்தன.
ரொம்ப நேரம் பார்த்தான்.
மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன்,
நான்தான் கேட்க வேண்டுமோ என்றும் நினைத்தேன்.
அந்த இடைவெளியில் விரலை வைத்து
"வாசல் எம்பக்கம் வருது மதினி" என்றான்.

அன்று ராத்திரி பிடித்த மழை
நாலு நாள் விடவில்லை.
மூன்று வாரம் கழித்து தவ்ஃபீக் மறுபடி பறக்கவிட்டான்.
ஒரே பச்சை.
மதில் இல்லை, அகழி இல்லை, வாசலும் இல்லை.
மதுரைக்காரருக்கு வருத்தமாம்.
அடுத்த வறட்சிக்குக் காத்திருக்கிறாராம்.
நல்ல மனுஷர்தான்.
அவருக்காக நான் வேண்டிக்கொள்ள முடியாது.

அகழி ஓடிய இடத்தில் பிடுங்கிய பூண்டு
ஒவ்வொன்றும் உள்ளங்கை கொள்ளாது.
எவனுக்கோ பயந்து எவனோ
ஆளுயரம் வெட்டவைத்த பள்ளம்.
வெட்டினவளுக்கு என்ன கூலி கொடுத்தார்களோ.
மண்ணைத் தட்டித் தாளைப் பின்னி
கொழுந்தன் வீட்டுக்கு ஒரு கத்தை கொடுத்தனுப்பினேன்.
வரப்பில் ஏறிக் குதிக்காதே,
வாசல் வழியாகப் போ என்றேன் மகனிடம்.

கத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு
பச்சையைப் பார்த்தபடி நின்றான்.
எந்த வாசல் என்று கேட்டான்.