உள்ளங்கை அரித்தால்

உள்ளங்கை அரித்தால் காசு வரும் என்பார்கள்.
இரவு இரண்டு மணிக்கு
இரண்டு கையும் அரிக்கின்றன,
உள்ளங்காலும்.
காலுக்கு என்ன வருமென்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

சீப்பின் பல்லால் சொறிந்து பார்த்தேன்.
பிறகு குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
பச்சைத் தண்ணீரில் கால் வைத்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
எட்மண்டனில் இந்த நேரத்தில்
குளிர் தேடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பித்தம் ரத்தத்தில் கலந்திருக்கலாம் என்றார்கள்.
முப்பத்தைந்து வாரம், நான்கு நாள்.
"அரிப்புதானே" என்றான் குமரவேள்,
ஃபோர்ட் மெக்மரி முகாமிலிருந்து.
கொஞ்ச நேரம் ஃபோனில் மூச்சு மட்டும் கேட்டது.
"இல்ல, சும்மா சொன்னேன். பயமாத்தான் இருக்கு."
பதினான்கு நாள் அங்கே, ஏழு நாள் இங்கே.
அவனுக்கு அது ஒன்பதாம் நாள்.

செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுத்தார்கள்.
வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.
எங்கே போவேன் நான்
வெறும் வயிற்றுக்கு?

வியாழன்.
இருமுகிற பிள்ளையை டேகேரில் சேர்க்கமாட்டார்கள்,
ஆகவே அகரனும் என்னோடு.
இடது பூட்ஸ் வலது காலில்.
திருத்தக் குனிய முடியாது, அப்படியே நடக்கட்டும்.
காரின் மூக்கில் செருகிய மின்கம்பியையும்
அவன்தான் இரண்டு கையால் பிடுங்கினான்,
பாம்பைப் பிடித்தவன் மாதிரி
தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

வண்டிப் பதிவு நாளையோடு முடிகிறது.
வரிசையில் எங்கள் எண் நாற்பத்தொன்று,
பலகையில் ஓடுவது பத்தொன்பது.
கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள்
நான் மணிக்கட்டைச் சொறிவதைப் பார்த்து
கிருமிநாசினிப் புட்டியைச் சற்றே
எங்களுக்கு நடுவில் நகர்த்திவைத்தாள்.
தொற்றாது அம்மா, இது
எனக்குள்ளேயே ஊறுவது என்று
சொல்ல ஆங்கிலம் இருந்தது, தெம்பு இல்லை.

நூலகத்தில் டைனோசர் புத்தகத்தைத் துவாரத்தில் தள்ளினோம்.
பதினேழாம் பக்கத்தில் ரசக் கறை.
யாரும் பார்க்கவில்லை.

மில்வுட்ஸ் கடை வாசலில் தள்ளுவண்டிகள்
சங்கிலியில் கோத்து நிற்கின்றன.
ஒன்றை விடுவிக்க ஒரு டாலர் நாணயம் வேண்டும்.
பையில் நான்கு அட்டைகள், நாணயம் இல்லை.
தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர்
சாமான்களை இறக்கிவிட்டு
தன் வண்டியை என் பக்கம் உருட்டினார்.
நாணயம் உள்ளேயே இருந்தது.
வயிற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்,
பஞ்சாபியில் ஏதோ சொன்னார்.
கைப்பிடிக் கம்பி பனியாய்ச் சில்லிட்டிருந்தது.
கையுறையைக் கழற்றி
இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் அழுத்தினேன்.
ஐந்து நாளில் முதல்முறையாக
அரிப்பு நின்றது,
பத்து எண்ணும் வரை.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஃபோன் வந்தது.
பித்த அளவு நாற்பத்தெட்டு.
இன்று மாலைக்குள் வந்துவிடுங்கள்,
பையோடு.
"பையோடு" என்பதை அந்தப் பெண் இரண்டு தரம் சொன்னாள்.

வண்டியில் பால், இருமல் மருந்து,
உறைந்த பட்டாணி, விளக்குமாறு.
விட்டுவிட்டு ஓடுவதா?
விளக்குமாற்றை மட்டும் திருப்பி வைத்தேன்.
ஏன் அதை மட்டும் என்று தெரியவில்லை.
பக்கத்து வீட்டு மாரிடெஸ் அகரனைப் பார்த்துக்கொள்வாள்.
குமரவேள் கிளம்பிவிட்டான்,
ஐந்து மணி நேரப் பாதை,
"மெதுவா வா" என்றேன், "வேகமா வா" என்றேன்.
உள்ளே ஒரு குதிகால் விலாவில் உரசியது.
இரு, வரிசையில் நிற்கிறேன்.

தள்ளுவண்டியைச் சங்கிலியில் மாட்டியதும்
சிவந்து கிடந்த என் உள்ளங்கையில்
சொத்தென்று விழுந்தது நாணயம்.
ஆக, வந்துவிட்டது.
ஒரு டாலர்.

அகரன் கேட்டான், கொடுத்தேன்.
தன் கையுறைக்குள் போட்டுக்கொண்டு
"குறுகுறுங்குதும்மா" என்றான்.

வண்டி சூடாக நேரமாகும்.
முதலில் ஆஸ்பத்திரியா, வீடா?
பட்டாணியைப் பின்சீட்டில் விட்டால் போதும்,
உருகாது.
இந்த ஊரில் அந்த ஒரு கவலை இல்லை.