ஐந்து மணிக்குப் பூட்டு

பிரதேச சபை தந்த சாவி இரண்டு.
ஒன்று பொதுக் கழிவறைக்கு,
மற்றது நாய்களுக்கு.

நாய்களுக்கு என்றால்
அப்புத்தளை ரயில் பாதைக்கு மேலே
தேயிலை பிடுங்கிப்போட்ட முக்கால் ஏக்கர்,
சுற்றிவரக் கம்பிவலை, இரட்டைக் கதவு.
ஒன்றை மூடிய பிறகுதான்
மற்றதைத் திறக்க வேண்டும்.
மூன்று மொழியில் பலகை:
நாய்களை இங்கே அவிழ்த்து விடலாம்.

பலகை நட்ட அன்று
லயத்து ஆட்கள் வலையைப் பிடித்துக்கொண்டு
சிரித்த சிரிப்பு அடங்கவில்லை.
"கட்டினாத்தானே அவுக்க?" என்றான்
பெட்டிக்கடை மருதை.
அவன் நாய் அந்நேரம்
தபால் கந்தோர் வாசலில்
மொத்த டவுனும் தன்பேரில் எழுதியது போலக்
கிடந்தது.

சனி ஞாயிறு கொழும்பு வேன்கள் வரும்.
பின்கதவு திறந்தால்
சீப்பு வாரிய நாய்கள்.
நேற்று வந்தது பொன்னிறம், பெயர் பிஸ்கட்.
கூட்டி வந்தவள் தினிதி.
தமிழை ஒவ்வொரு சொல்லாய்
மேசையில் சில்லறை வைப்பது போல வைத்து
"அக்கா, இங்க, பயம், இல்லையா?" என்றாள்.
இல்லை என்று தலையாட்டினேன்.
எத்தனை மணி வரைக்கும் என்று
அவள் கேட்கவில்லை.

கொக்கி கழன்ற ஓசை அதற்குக் கேட்டிருக்கும்.
ஆனாலும் நின்றது.
பிறகு ஆறடி நடந்தது.
திரும்பி ஆறடி.
இல்லாத வாரின் நுனிவரை போய்
தன் கழுத்தைத் தானே இழுத்துக்கொண்டு
திரும்பி வந்தது.
முக்கால் ஏக்கர் புல்லும் சும்மா கிடந்தது.
தினிதி கைதட்டினாள், பந்து எறிந்தாள்.
அவள் புருஷன் தானே ஓடிக் காட்டினான்,
வெள்ளைச் சப்பாத்தில் சேறு தெறிக்க.

அப்போதுதான் வேலிக்கடியில்
மழை அரித்த கானுக்குள்ளால்
எங்கள் சுந்தரி வந்தாள்.
ஒரு காது முழுசு, ஒரு காது பாதி.
கழுத்தில் பட்டியில்லை, ஊசி போட்ட துண்டில்லை,
டிக்கெட்டும் இல்லை.
நான் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

முகர்ந்தாள். முகர்ந்தது.
யார் முதலில் ஓடியது என்று
சத்தியமாய்த் தெரியாது.

தெற்குப் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறியது.
வேலி போனது, பலகை போனது,
தினிதியின் மஞ்சள் குடை கடைசியாய்ப் போனது.
பிஸ்கட், பிஸ்கட் என்று ஒரு குரல்;
அந்த ஜெர்மன்காரன் தன் நாய்க்கு
ஏதோ நீளமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்;
கீழ்ப்பாதையில் கொழுந்து லொறியின் ஹோர்ன்.
வெள்ளைக்குள்
பாதங்கள் ஓடும் சத்தம் மட்டும்.
எது வேனில் வந்தது, எது கானில் வந்தது,
பிரிக்க முடியவில்லை.

மூட்டம் விலகப் பிஸ்கட் வந்தது:
வயிறுவரை சேறு, நாக்கு ஒரு முழம்,
தாடைக்கடியில் கொழுத்த அட்டை.
பையில் எப்போதும் வைத்திருக்கும் உப்பை
எடுத்து நீட்டினேன்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்க விசில் ஊதுவேன்.
ஆறாகட்டுமே, இன்னும் வெளிச்சம் இருக்கே என்பார்கள்.
பலகையில் காரணம் போடவில்லை.
போட்டால் ஹோட்டல் அறைகள் காலியாகும்
என்றார் செயலாளர்.
இருட்டினால் கானோரமாய்ச் சிறுத்தை இறங்கும்.
தையில் நாலாம் லயத்தில் இரண்டு நாய்.
போன மாதம் சுந்தரியின் குட்டி.
அவளுடைய அரைக் காது
அந்த இரவின் மிச்சம்.

வேன் போன பிறகு பார்த்தேன்,
கதவுக் கொளுவியில் சிவப்பு வார்.
ரசீதில் தினிதியின் நம்பர் இருக்கிறது.
நாளைக்குக் கூப்பிடலாம்.

உள்கதவு, பிறகு வெளிக்கதவு.
சுந்தரி லயம்வரை பின்னால் வந்தாள்.
காம்பராவுக்குள் எடுத்து
கட்டில் காலில் கட்டினேன்.
சுற்றிச் சுற்றி வந்தாள்.
வாரை ஒருதடவை கடித்துப் பார்த்தாள்.
அதன் நீளத்தை அளந்து முடித்துவிட்டுப்
படுத்தாள்.

விளக்கை அணைத்தேன்.
கூரைத் தகரத்தில் மழையா, காலா?
அசையாமல் கேட்டுக்கிடந்தோம்
இரண்டு பேரும்,
மூன்றரைக் காதால்.