இருபத்துநாலில் ஒன்று

தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீஸ். டோக்கன் பத்தொன்பது.
நான் சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவன்.
ஒரே வீடு, இருபத்துநாலு பங்கு.
இருபத்துமூன்று பேர் சம்மதம்.
பாக்கி, பினாங்கிலிருந்து வரும் சிகப்பி.

பத்திர எழுத்தர் செல்போனில் மக்களவை:
விமானக் கம்பெனியில் அரசாங்கப் பங்கை விற்பது.
நஷ்டம் என்கிறார் மந்திரி.
நஷ்டமென்றால் வாங்குகிறவன் பைத்தியமா
என்று எழுந்த அம்மாவுக்கு மைக் அணைந்தது.
"ஆம் என்போர்?"
ஒரு கூச்சல்.
முடிந்தது.

மூன்று வருஷமாய் விற்க அலையும் சாத்தப்பன் கேட்டார்:
"அதில் எனக்கும் பங்குண்டுதானே?"

எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
"உண்டு. வில்லங்கத்தில் பேர் வராது."

டோக்கனைக் கூப்பிட்ட நேரம்
திருச்சியில் இறங்கிய சிகப்பியிடமிருந்து போன்:
போடமாட்டாளாம்.

சாத்தப்பன் வேட்டியை உதறி எழுந்தார்.
வழக்கமான வசவு மட்டும் வரவில்லை.
எனக்குச் சாட்சிக்கூலி போச்சு.