முப்பத்தொரு அடி

எங்கள் வண்டிவீட்டின் நீளம் முப்பத்தொரு அடி.
உயரம் பன்னிரண்டு அடி நான்கு அங்குலம்;
அதை மட்டும் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில்
ஒட்டியிருக்கிறான் ஆரின், மருந்துச் சீட்டு மாதிரி.
சிகாகோவின் பழைய ரயில் பாலங்கள்
யாருக்காகவும் நிமிர்வதில்லை.

ஆறு வாரம் வேலை. எண்ணெய் ஆலையை அணைத்துவிட்டு
குழாய்களைத் திறந்து, பற்றவைத்து, மூடவேண்டும்.
ஆலை எங்கே என்பது நிச்சயம்.
நாங்கள் எங்கே என்பதற்குத்தான்
சாப்பாட்டு மேசைமேல் வரைபடம்,
பென்சிலால் இட்ட மூன்று புள்ளிகள்.

முதல் புள்ளி நகரத்துக்குள்ளேயே.
விளையாட்டரங்கின் முதுகில் தார் போட்ட திடல்.
நிழல் இல்லை, தண்ணீர் இணைப்பு இல்லை,
பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் கூடாது,
இரவுக்கு எழுபது டாலர்.
அக்காள் ரொவீனாவின் பதினான்காம் மாடிக்கு
நடந்தால் இருபது நிமிடம்.
"ரொம்பப் பக்கம்" என்றேன்.
விலை அதிகம் என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, வடமேற்கே அறுபது மைல்.
ஓக் மரங்கள், மீன்குளம்,
வெந்நீர் தீராத குளியலறை.
படத்தில் யாரோ இருவர் நாற்காலி போட்டுச்
சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஆரின் விரலை மடக்கித் தூரத்தை அளந்தான்.
"மூன்று மணிக்கே எழுந்துவிடுவேன், அவ்வளவுதானே."
எனக்காகத்தான் சொன்னான்.

போனில் ரொவீனா கேட்டிருந்தாள்:
"எங்கே தங்குவீர்கள்?"
கேட்பதற்கு முன்னால் ஒரு மௌனம்.
முப்பத்தொரு அடி வண்டியை
பின்னால் எடுத்துத் திருப்பலாம், அவ்வளவு அகலம்.
"கட்டில் எங்களோடு வருகிறது" என்றேன்.
"ஆமாம், ஆமாம்" என்றாள்.
அதில் ஒரு ஆமாம் கூடுதல்.

அப்பாவைப் புதைத்த நாளிலிருந்து
ஐந்து வருடமாக நாங்கள் பேசியதெல்லாம்
ஆரின் வழியாக.
நல்ல குழாய் அவன். ஒழுகியதே இல்லை.

மூன்றாவது, இந்தியானா எல்லையைத் தாண்டியவுடன்.
தொலைபேசியில் டார்லீன் என்ற பெண்
ஒளிக்காமல் சொன்னாள்:
"மழை பெய்தால் பதினேழாம் எண் வேண்டாம், தேங்கும்.
வேலிக்கு அந்தப் பக்கம் சரக்கு ரயில்."
இரவில் எத்தனை?
"எண்ணியதில்லை. தூங்கிவிடுவேன்."
நகரத்துக்குப் போகும் பயணி ரயில்
ஒரு மைலில் நிற்குமாம்.
போகலாம், போகாமலும் இருக்கலாம்.
அந்தப் புள்ளியைத்தான் அழுத்தி வட்டமிட்டேன்.

மூன்றாம் வாரம், வியாழன், மழை.
நாங்கள் இருபத்திரண்டாம் எண்ணில் காய்ந்திருந்தோம்.
கதவை யாரோ தட்டினார்கள்.
ரொவீனா. கையில் ஈரக் குடை,
தோளில் ஒரு இரவுக்கு மட்டும் போதுமான பை.
ஏன் வந்தாள் என்று அவள் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை. சூப் சுட வைத்தேன்.
மேசையை இறக்கி, மெத்தைகளைச் சேர்த்தால்
அதுவே ஒரு கட்டில். அவளுக்குத் தெரியாது.
இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தாள்.

ஒன்பதரைக்கு டார்ச் விளக்கோடு டார்லீன்:
விருந்தாளி தங்கினால் நான்கு டாலர்.
ஆரின் பணப்பையை எடுக்குமுன்
ரொவீனா கொடுத்துவிட்டாள்.
ரசீதை நீட்டினாள் டார்லீன்.
பெயர் எழுதும் இடத்தில்
"தங்கை வீடு" என்று எழுதினாள் அக்காள்,
எங்கே போகிறீர்கள் என்று யாரோ கேட்டதுபோல.

இரண்டு மணிக்கு ரயில் வந்தது.
அலமாரியில் கோப்பைகள் மெல்லப் பல் கடித்தன.
ஆரின் தூங்குகிறான், மூன்று மணிக்கு அலாரம்.
நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
கடைசிப் பெட்டி போனதும், வாய்க்குள்ளேயே,
"நூற்றுப் பன்னிரண்டு" என்றேன்.

இருட்டில் சாப்பாட்டு மேசை பேசியது:
"நூற்றுப் பதினொன்று.
எஞ்சினையும் சேர்த்து எண்ணுகிறாய். எப்போதும்."

"எஞ்சினும் பெட்டிதான்."

"இல்லை."

ஆரின் புரண்டு படுத்தான்.
அடுத்த ரயிலுக்கு
இரண்டு பேரும் விழித்திருந்தோம்.