ஒன்றே மூன்று வீசம்

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதைதான்.
லா ஷோ-த-ஃபோன் ஞாயிற்றுச் சந்தையில்
துருப்பிடித்த சாவிக்கொத்துக்கும்
காது உடைந்த சீஸ் சட்டிக்கும் நடுவே கிடந்தது
வெள்ளி முலாம் பூசிய திருகு பென்சில்.
ஏழு பிராங்க்.
கேட்டிருந்தால் ஐந்துக்குத் தந்திருப்பான்.

தலையைத் திருகினால் மூக்கு நீளும்.
மூக்குக்குள் ஒன்றுமில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் அரை மில்லிமீட்டர் குச்சி
கிணற்றில் போட்ட ஊசியாக இறங்கிப் போயிற்று.
அடுத்த தடிப்பு, 'அ' எழுதத் தொடங்கும்வரை நின்றது.
சுழியிலேயே உள்ளே ஒளிந்துகொண்டது.
இரண்டு மில்லிமீட்டர் வாசலைத் தாண்டவே மறுத்தது.
அதை நகம் தேய்க்கும் அரத்தில் உருட்டி உருட்டித் தேய்த்தேன்.
விரல் கரி, மேசை கரி, ஆறிப்போன தேநீரிலும் கரி.
கிடைத்தது மூன்று துண்டு.

மேல்மாடி ஒடில் பெர்நூ
முப்பத்தொரு வருடம் கடிகாரச் சக்கரம் அளந்தவள்.
ஊசிப் பெட்டியைத் திறந்தாள்.
ஒவ்வொன்றாக நுழைத்து, உருவி,
"ஒன்று புள்ளி ஒன்று எட்டு" என்றாள்,
நோயின் பெயரைச் சொல்வதுபோல.

நான் கீழ்வாய் இலக்கத்தில் போட்டுப் பார்த்தேன்:
ஒன்றே மூன்று வீசம், அதில் இரண்டு முந்திரி குறைவு,
மிஞ்சியது தூசி.
முந்திரி என்றால் பருப்பு இல்லை,
முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்று விளக்கினேன்.
ஒடில் சிரிக்கவில்லை.
அவ்வளவு குறைந்தாலே சக்கரம் நின்றுவிடும் என்றாள்.

நூஷாத்தெலுக்கு ரயில் இறங்கிப் போனேன்.
மூன்றாவது கடையில், மூக்குத்தி போட்ட பெண்
ஏணி வைத்து ஏறி
பாதி லேபிள் கிழிந்த மரக்குழலை எடுத்தாள்.
விலை தெரியாமல் முதலாளிக்குப் போன் செய்தாள்.
ஆறு குச்சி, பன்னிரண்டு பிராங்க்.
பென்சிலைவிடக் கூட.

நடைமேடையிலேயே போட்டுப் பார்த்தேன்.
இறுகவும் இல்லை, இளகவும் இல்லை.

சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.
பன்னிரண்டு பேர், மாதம் முந்நூறு.
கணக்கை எப்போதும் பென்சிலில்தான் எழுதுவேன்.
பேனாவில் எழுதினால் பிந்தியவன் முகத்தைப் பார்க்க முடியாது.
'பாலேந்திரா, டிசம்பர், பாக்கி.'
சாம்பல் நிறத்தில் சாதுவாக உட்கார்ந்தது எழுத்து.

கையுறையில் இருந்த பனி உருகிச் சொட்டியது.
'பாக்கி' ஊதாவாக ஊறியது,
நாவற்பழத்தை மிதித்ததுபோல.
ரப்பரை எடுத்துத் தேய்த்தேன்.
தாள்தான் கிழிந்தது.

அப்போதுதான் லேபிளின் மிச்ச எழுத்தைக் கூட்டிப் படித்தேன்.
நகல் எடுக்கிற குச்சி.
ஈரம் பட்டால் மைக்குப் பிறந்ததாகிவிடும்.
எந்தக் குமாஸ்தாவோ
யாரையோ நம்பாமல் வாங்கிவைத்தது.

ரயில் மலையேறியது.
பெட்டியில் எதிரே யாருமில்லை.
புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.
சீட்டுக்காரி வரிசையில், என் பெயருக்கு நேரே,
செப்டம்பர் வெறுமையாக இருந்தது.
யாரும் கேட்டதில்லை.
கேட்க வேண்டியவளும் நான்தான்.

'பாக்கி முந்நூறு' என்று எழுதினேன்.
விரலை நாக்கில் தொட்டு அதன்மேல் வைத்தேன்.
போதவில்லை. இன்னொரு முறை.

படிக்கட்டில் ஒடில் கேட்டாள்,
அளவு சரியாக இருந்ததா என்று.
நாக்கை நீட்டிக் காட்டினேன்.